தில்லையில் வழங்கிய இன்னோர் அத்துவிதம்

திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்பதே பெயர். முதல் தந்திரத்தில் வரும் கொல்லாமை, கல்வி, அன்புடைமை முதலிய அறவுரைகளை நம் ஆசிரியர்கள் வகுப்பில் நடத்துகின்றனர். சமயச் சொற்பொழிவாளர் மேடைதோறும் எடுத்தாளுகின்றனர். நான்காம் தந்திரத்தைப் புரட்டிப் பார்த்தவரோ மிகச் சிலர். 500க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அப்பகுதியில் திருவம்பலச் சக்கரம், நவகுண்டம், வயிரவி மந்திரம், பூரண சத்தி, ஏரொளிச் சக்கரம், சாம்பவி மண்டலச் சக்கரம், புவனபதி சக்கரம், நவாக்கரி சக்கரம் என்று தலைப்புகள் அடுக்கி வருகின்றன. கோடு கிழித்து அறை வகுப்பதும், அறைதோறும் எழுத்தைப் பொறிப்பதும், அவ்வெழுத்தின்கண் சத்தியை நிறுத்தி வழிபடுவதுமே அங்கு மிகுதி. இவற்றைக் கண்ட ஆசிரியர், ‘இது மாந்திரிகம், மாணவர்க்கு வேண்டா’ என்று ஏட்டை மூடிவிடுகின்றார். சித்தாந்தம் பயின்றவரோ, ‘எல்லாம் ஐந்தெழுத்தின் விரிவே’ என்று ஒரு தொடரில் சொல்லி மேலே செல்கின்றார். இருவரும் ஒரு பெரிய மரபைக் காணாமலே கடந்துவிடுகின்றனர்.

அம்மரபு, இந்து சமயத்துள் அத்துவிதம் பேசிய தாந்திரிக நெறி. அது காசுமீரத்தில் தழைத்தது என்பது இன்று பலரும் அறிந்த செய்தி. தமிழகத்தில், அதுவும் தில்லையில், அந்நெறிக்குரிய ஒரு சிறந்த நூல் எழுந்தது என்பதை நம்மவருள் அறிந்தோர் குறைவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தந்திரம் என்பது இன்று தமிழில் சூழ்ச்சி என்னும் பொருளுக்குத் தாழ்ந்துவிட்டது. ஒருவனைத் தந்திரக்காரன் என்றால் அவன் சண்டைக்கு வருவான். வடமொழியில் அச்சொல் தறியையும் பாவையும் குறித்துப் பின்னர்க் கோவைபட விரித்துரைக்கும் சாத்திரத்தைக் குறித்தது. தமிழில் நூல் என்னும் சொல் நடந்த வழியும் அதுவே: இழையும் நூல், ஏடும் நூல். நன்னூலார் சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்பவளாகவும் உருவகித்ததை இங்கு நினைத்துக்கொள்ளலாம். திருமூலர் வாக்கில் தந்திரம் என்பது நூல் என்னும் பொருளதே. செப்பேட்டு மருந்தன்று, வசியமன்று.

இனி, தாந்திரிகம் என்றாலே ஏதோ மறைவில் நடக்கும் செயல் என்று எண்ணுவோர் தம் ஊர்க் கோயிலை ஒருமுறை கூர்ந்து நோக்குதல் நலம். பினாங்கில் 1833 முதல் விளங்கிவரும் குயின் வீதி மகாமாரியம்மன் கோயிலைப் போன்ற பழங்கோயில்களாயினும், தோட்டப்புறத்தில் நேற்று எழுந்த சிறு கோயிலாயினும், குடமுழுக்கு ஆகம முறைப்படி நிகழுமாயின் அங்கே திருவுருவின் அடியில் யந்திரத் தகடு வைத்தல், மந்திர நியாசம், குண்டம் அமைத்து வேட்டல் ஆகியன உண்டு. ஆகமமும் தந்திரமும் ஒருபொருட் சொற்களாகவே பழநூல்களில் வழங்கின. எனவே நம் கோயில் வழிபாடு முழுவதும் ஒருவகையில் தாந்திரிகமே. வேறுபாடு தந்திரம் உண்டா இல்லையா என்பதில் இல்லை. அத்தந்திரத்தின் உள்ளே இறைவனும் உயிரும் இரண்டா ஒன்றா என்பதிலேயே இருக்கின்றது. சைவ ஆகமம் 28ஐயும் முதலாகக் கொண்ட சித்தாந்தம் ஒரு பக்கம். வயிரவ தந்திரங்களையும் சத்தி வழிபாட்டு நூல்களையும் முதலாகக் கொண்ட அத்துவிதம் மற்றொரு பக்கம்.

மூன்று அத்துவிதங்கள்

அத்துவிதம் என்றவுடன் சங்கரர் நினைவுக்கு வருகின்றார். கயிற்றில் தோன்றிய பாம்பு போன்றது உலகம். விளக்கு வந்தவுடன் பாம்பு இல்லை, என்றும் இருந்ததுமில்லை. இது ஒரு நிலை. மெய்கண்டார் வழியினரும் தம் கொள்கையை அத்துவிதம் என்றே கூறுவர். ஆனால் அவர்க்கு அச்சொல் ஒரு பொருளே உண்டு என்பதைக் குறியாது. இரண்டு பொருள்கள் இரண்டறக் கலந்து நிற்கும் தொடர்பைக் குறிக்கும். இதனைத் தமிழாசிரியர்க்கு விளங்கும் வகையில் உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் புணர்ச்சி இலக்கணம் கொண்டே காட்டினார். தாள், தலை என்னும் இரு சொற்கள் கூடித் தாடலை ஆகின்றன. ளகரமும் தகரமும் கெட்டு டகரம் ஒன்றே ஒலிக்கின்றது. ஒலியில் ஒன்று, பொருளில் இறைவன் திருவடியும் உயிரின் தலையும் ஆகிய இரண்டும் உள. வீடுபேற்றிலும் உயிர் அழிவதில்லை என்பதை இதனினும் சுருக்கமாகச் சொல்லுதல் அரிது.

தாந்திரிக அத்துவிதம் இவ்விரண்டிலும் வேறு. அதன்படி உலகம் பொய்யன்று. ஆயினும் சிவனுக்கு வேறாகிய பொருளும் அன்று. சிவமாகிய அறிவே தன் உரிமையால், தன்னைத் தானே சுருக்கி, அறிபவனாகவும் அறியப்படும் பொருளாகவும் தோன்றி விளையாடுகின்றது. மயில் முட்டையின் உள்ளிருக்கும் நீரில் தோகையின் நிறமெல்லாம் வேறுபாடின்றி அடங்கியிருத்தலை அந்நூலோர் உவமையாக்குவர். கண்ணாடியில் தோன்றும் நகரத்தையும் கூறுவர். ஆனால் இக்கண்ணாடிக்கு எதிரே வேறு நகரம் இல்லை. தாடலை உவமையை இவர்களிடம் கொடுத்தால் என்ன சொல்வர்? ‘நீர் இரு சொல் புணர்ந்து ஒன்றாயிற்று என்கிறீர், நாங்கள் ஒரு சொல்லை மாணவன் பயில்வதற்காக உறுப்புறுப்பாகப் பிரித்துக் காட்டியிருக்கிறது என்கிறோம்’ என்பர். புணர்ச்சியா, பகுப்பா என்பதே இரு நெறிக்கும் இடையிலுள்ள வழக்கு.

மலத்தைப் பற்றிய கொள்கையும் இங்கிருந்தே பிரிகின்றது. சித்தாந்திக்கு ஆணவமலம் ஒரு பொருள். செம்பிற் களிம்பு போல உயிரோடு அநாதியே உள்ளது. பொருளைப் பொருளால்தான் நீக்க வேண்டும். ஆதலின் தீக்கையாகிய கிரியை இன்றியமையாதது. தாந்திரிக அத்துவிதிக்கு மலம் என்பது தன்னைக் குறைவாக எண்ணிக்கொள்ளும் சுருக்கம் மட்டுமே. அச்சுருக்கம் விரிந்தால் போதும். இதனையே உற்பலதேவர் பிரத்தியபிஞ்ஞை, அதாவது மீட்டறிதல், என்றார். ஒருத்தி ஒருவன் குணங்களைக் கேட்டே காதல் கொண்டாள். அவன் எதிரில் வந்து நின்றும் இன்னான் என்று அறியாமையால் மகிழவில்லை. அறிந்தவர் காட்டியவுடன் உள்ளம் நிறைந்தாள் என்பது அவர் கூறும் எடுத்துக்காட்டு. சிவஞானபோதத்தின் எட்டாம் நூற்பாவில் ஐம்புல வேடரிடையே வளர்ந்து மயங்கிய உயிரை ஆசிரியன் வந்து உணர்த்தும் செய்தியோடு இதனை ஒப்பிடுக. இரண்டிலும் உணர்த்துவோன் உண்டு, மறதி நீக்கமும் உண்டு. ஆனால் அங்கே உணர்ந்த உயிர் வேடரை விட்டு அரன் கழலை அடைகின்றது. இங்கே உணர்ந்தவன் தானே அரசன் என்று காண்கின்றான்.

காசுமீரமும் தமிழகமும்

காசுமீரம் என்றால் அத்துவிதம், தமிழகம் என்றால் முப்பொருள் என்று எல்லை வகுத்துப் பேசுவது நம் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 10ஆம் நூற்றாண்டுக் காசுமீரத்திலேயே நாராயணகண்டர், இராமகண்டர் போன்றோர் இறைவன் வேறு, உயிர் வேறு என்னும் சித்தாந்தத்தை உறுதியாக நிறுவினர். அவர்கள் நூல்களைத் தென்னாட்டில் தழுவி எழுதியவர் அகோரசிவாசாரியர். தில்லையோடு தொடர்புடைய அவர் கி.பி. 1158ஐ ஒட்டி இயற்றிய கிரியாக்கிரமத்தியோதிகை என்னும் பத்ததியைத் தென்னாட்டுச் சிவாசாரியர் பலர் இன்றும் பின்பற்றுகின்றனர். கடல் கடந்து மலேசியாவுக்கு வந்த குருக்கள்மாரின் பூசை முறையிலும் அதன் சுவடு உண்டு. எனவே காசுமீரத்திலிருந்து தில்லைக்கு முதலில் வந்தது இருமைக் கொள்கை என்றே சொல்லலாம்.

ஒருமைக் கொள்கைக்கும் இவ்வழி அடைபட்டிருக்கவில்லை. சோமானந்தர், உற்பலதேவர் ஆகியோர் வழியில் வந்த அபிநவகுப்தர் முதலாம் இராசராசன் காலத்தவர். 37 பகுதிகளைக் கொண்ட தந்திராலோகம் அவரது பெருநூல். தொனிக் கொள்கைக்கு உரை வகுத்தவர் என்ற அளவில் அவரை நம் இலக்கியத் திறனாய்வாளர் அறிவர். அவர் ஒரு தாந்திரிக ஆசான் என்பதைப் பெரும்பாலும் சொல்லாமல் விடுகின்றனர். அவரைக் காண மதுரையிலிருந்து மதுராசர் என்னும் துறவி சென்றார். அவர் பாடிய குருநாதபராமரிசம், திராட்சைக் கொடிப் பந்தரின்கீழ் வீணை மீட்டி அமர்ந்திருக்கும் ஆசிரியரின் கோலத்தைக் கண்முன் நிறுத்துகின்றது. இது தென்னவன் ஒருவன் வடபுலத்தில் பெற்ற காட்சி.

அபிநவகுப்தரின் மாணவர் சேமராசர் பிரத்தியபிஞ்ஞாஇருதயம் என்னும் 20 நூற்பாக்கள் கொண்ட சிறு நூலை எழுதினார். இந்நெறியைப் புதிதாகப் பயில்வோர்க்கு அதனினும் ஏற்ற நூல் வேறில்லை. அதில் தில்லைக்கு மிக நெருங்கிய கருத்து ஒன்று உண்டு. கூத்தப்பெருமானின் ஐந்தொழிலை உண்மைவிளக்கம் திருவுருவிலே வைத்துக் காட்டும்: துடியில் படைப்பு, அமைத்த கையில் காப்பு, தீயில் அழிப்பு, ஊன்றிய அடியில் மறைப்பு, தூக்கிய அடியில் அருள். ஐந்தையும் செய்பவன் இறைவன். அவற்றிற்கு ஆட்படுவது உயிர். சேமராசர் கூறுவது வேறு. கட்டுற்ற நிலையிலும் ஒவ்வொருவனும் ஒவ்வொரு நொடியும் இவ்வைந்தையும் செய்துகொண்டுதான் இருக்கின்றான். ஒரு பொருள் கண்ணில் தோன்றுவது படைப்பு. அதில் உள்ளம் சற்றுத் தங்குவது காப்பு. ‘கண்டேன்’ என்று அது தன்னுள் ஒடுங்குவது அழிப்பு. ஐயமும் பற்றும் வித்தாக உள்ளே கிடப்பது மறைப்பு. அவ்வித்தும் அறிவுத் தீயில் எரிந்து அறிவே ஆவது அருள். அம்பலம் எங்கோ இல்லை; காண்பவனின் காட்சியே அம்பலம். இதனை ஏற்பதும் மறுப்பதும் ஒருபுறம் இருக்க, தில்லைக் கூத்துக்கு இப்படியும் ஒரு பொருள் சொல்லப்பட்டது என்பதை அறியாமல் அக்கூத்தைப் பற்றிப் பாடம் நடத்துவது குறையேயாகும்.

மகேசுவரானந்தர்

கி.பி. 1300ஐ ஒட்டித் தில்லையில் வாழ்ந்தவர் மகேசுவரானந்தர். கோரக்கர் என்பது அவரது மற்றொரு பெயர். அவர் ஆசிரியர் மகாப்பிரகாசர். அவர் இயற்றிய மகார்த்தமஞ்சரி ஏறத்தாழ 70 பாடல்களாலான நூல். மூலம் மகாராட்டிரப் பாகதத்தில் அமைந்தது. அதற்குப் பரிமளம் என்னும் வடமொழி விரிவுரையை அவரே எழுதினார். காளியை முதலாக வைத்து வழிபடும் கிரம நெறியே அவர் மகார்த்தம், பேரர்த்தம், என்று போற்றுவது. உற்பலதேவர், அபிநவகுப்தர், சேமராசர் ஆகியோரின் நூல்களை அவர் நன்கு பயின்றிருந்தார் என்பது உரை முழுவதும் தெரிகின்றது.

நூல் பிறந்த வரலாற்றை அவரே கூறுகின்றார். ஓரிரவு பூசையில் இருந்த வேளையில் சூலமும் கபாலமும் ஏந்திய யோகினி ஒருத்தி வந்து நின்றாள். அவளுக்குப் பொருள் கொடுக்க முற்பட்டார். அவள் சினந்து, பொருளால் ஆவது என்னவென்று மகாராட்டிர மொழியில் மறுத்து, விரல்களால் ஏழு என்னும் குறி காட்டி, கபாலத்தால் அவர் நெற்றியைத் தொட்டு மறைந்தாள். விடிந்ததும் ஆசிரியரிடம் உரைத்தார். ஏழென்னும் குறிக்கு எழுபது பாடல் என்றும், அவள் பேசிய மொழியே நூலின் மொழி என்றும் ஆசிரியர் பொருள் கண்டு பணித்தார். கனவும் குறியும் ஆகிய இச்செய்தியை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் பொருளைத் தள்ளி நூலைக் கேட்ட யோகினியைத் தன் நூலின் வாயிலில் நிறுத்திய ஆசிரியரின் உள்ளம் வசிய மாந்திரிகனின் உள்ளம் அன்று.

நூலின் சாரம் வழிபாட்டைப் பற்றியது. தோன்றல், நிற்றல், ஒடுங்கல், பெயரிட இயலாத நிலை, ஒளி என்று அறிவின் ஓட்டத்தை ஐந்தாக வகுத்து, அவ்வோட்டத்தை உற்று உணர்வதே பூசை என்கின்றது. மலரும் நீரும் தீபமும் விலக்கப்படவில்லை; அவற்றின் உட்பொருள் காட்டப்படுகின்றது. தன் இயல்பை ஆராய்ந்து நிற்றலே வழிபாடாயின், கோயிலுக்குச் செல்வோனும் அடுப்படியில் நிற்போளும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றனர். போர்க்களத்தில் கண்ணன் அருச்சுனனுக்கு உரைத்ததும் இப்பேரர்த்தமே என்று நூல் முடிகின்றது. கொலைக்களத்தின் நடுவிலும் இவ்வறிவு கைகூடும் என்பது அவர் கருத்து போலும்.

இந்நூல் காசுமீர நூல்வரிசையில் 1918இலும், திருவனந்தபுர வடமொழி வரிசையில் 1919இலும் அச்சேறியது. பிரஞ்சு அறிஞர் லிலியன் சில்பர்ன் 1968இல் தம் மொழியில் பெயர்த்தார். விட்னி காக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 2017இல் வெளியிட்ட தென்னிந்திய மொழிநூற் புலமை பற்றிய ஆய்வில் மகேசுவரானந்தருக்குத் தனியிடம் தந்தார். தில்லைக்காரரின் நூலைப் பாரிசும் சிகாகோவும் ஆராய்கின்றன. தமிழாசிரியர் அறையில் அவர் பெயரும் கேட்பதில்லை.

அதே தில்லையில், அதே தலைமுறையில் அல்லது அதற்கு அடுத்த தலைமுறையில், கொற்றவன்குடியில் இருந்தவர் உமாபதி சிவாசாரியர். அவரது சங்கற்ப நிராகரணம் கி.பி. 1313ஆம் ஆண்டைத் தன்னுள்ளேயே குறிக்கும் நூல். மாயாவாதம், ஐக்கியவாதம், பாடாணவாதம், பேதவாதம், சிவசமவாதம், சங்கிராந்தவாதம் முதலாக ஒன்பது வாதங்களை அது எடுத்து மறுக்கின்றது. அவ்வரிசையில் மகார்த்தம் என்னும் பெயர் இல்லை. சிலர் இதனைக் கொண்டு, அந்நெறி பொருட்படுத்தத் தகாத சிறு கூட்டத்தினது என்று வாதிடக்கூடும். அது வலிய வாதமன்று. மகார்த்தம் ஆசிரியன் காதோடு மாணவன் காதாக ஓடிய நெறி. தெருவில் வந்து வாதுக்கு அழைத்த நெறியன்று. உமாபதியார் தம் சிவப்பிரகாசத்தில் அத்துவிதத்துக்கு எந்த உவமைகள் பொருந்தா என்று எடுத்துச் சொல்லும்போது, முதலில் விலக்குவது பொன்னும் அணியும் என்னும் உவமை. ஒரு பொன்னே பல அணியாதல் போல ஒரு சிவமே எல்லாம் ஆயிற்று என்போர் அவர் எதிரில் இருந்தனர் என்பதற்கு இதுவே சான்று. இருளும் வெளியும், சொல்லும் பொருளும் என்பனவற்றையும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் கதிரும், அறிவும் ஒளியும் என்பனவற்றை அவர் ஏற்கின்றார்.

திருமூலரிடம் மீண்டும்

இப்போது திருமந்திரத்தை எடுத்துக்கொண்டால் ஒரு சிக்கல் கண்முன் நிற்கும். உமாபதியார் விலக்கிய அதே பொன்–அணி உவமை எட்டாம் தந்திரத்தில் திருமூலர் வாக்கிலேயே வருகின்றது: அணி என்று காண்பவனுக்குப் பொன் மறைகின்றது, பொன் என்று காண்பவனுக்கு அணி மறைகின்றது. அதனோடு அமைந்தது எல்லோரும் அறிந்த மரயானைப் பாட்டு. மரத்தில் செய்த யானையைக் கண்டு அஞ்சும் குழந்தைக்கு மரம் தெரிவதில்லை. தச்சனுக்கு யானை தெரிவதில்லை. அங்ஙனமே பூதங்களும் பரமும் என்கின்றது அப்பாட்டு. இதனை மேடையில் சொல்லி உடனே கயிறும் பாம்பும் பற்றிப் பேசத் தொடங்குவோர் பலர். இரண்டும் ஒன்றல்ல என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கயிற்றில் பாம்பு ஒருநாளும் இல்லை. மரயானையோ உண்மையாகவே மரத்தால் ஆனது. அதன் துதிக்கையும் மரம், தந்தமும் மரம். யானையைத் தேடித் தொடுபவன் கைக்கு மரமே அகப்படும். பூதங்களைத் தொட்டால் பரமே அகப்படும் என்றால், அது மாயாவாதமும் அன்று, தாடலையும் அன்று. மூன்றாவதாகச் சொன்ன அத்துவிதத்துக்கே அது நெருங்கியது.

சித்தாந்தச் சார்பில் உரை காண்போர், இது பொருளைப் பற்றிய பாட்டன்று, பார்வையைப் பற்றிய பாட்டு என்பர். பாசஞானத்தில் நிற்பவனுக்குப் பதி தோன்றாது, பதிஞானத்தில் நிற்பவனுக்குப் பாசம் தோன்றாது, இரண்டும் உள்ளனவே என்று விளக்குவர். மறைத்தல், மறைதல் என்னும் சொற்கள் இவ்வுரைக்கு இடந்தருகின்றன. முதல் தந்திரத்தில் பதியைப் போலவே பசுவும் பாசமும் அநாதி என்று ஆசிரியரே கூறியிருத்தலும் அவர்களுக்குத் துணை. எனினும் உவமையாகிய மரத்தை நோக்கும்போது இவ்வுரை சற்று இறுக்கிக் கட்டிய ஆடையாகவே தோன்றுகின்றது. பாட்டின் இயற்கையான ஓட்டம் ஒருமையை நோக்கியே செல்கின்றது.

இதற்காகத் திருமூலரைக் காசுமீரச் சைவர் என்று கூறிவிடலாமா? அண்மைக் காலத்தில் இக்கூற்று பெருகிவருகின்றது. கயிலையிலிருந்து வந்தவர், நந்தியின் மாணாக்கர் என்னும் வரலாற்றைக் கொண்டு, அவர் வடநாட்டிலிருந்து பிரத்தியபிஞ்ஞையைத் தெற்கே கொணர்ந்தவர் என்பர். கயிலை காசுமீரத்தில் இல்லை என்பது ஒருபுறம். சிவசூத்திரத்தைப் பெற்ற வசுகுப்தர் 9ஆம் நூற்றாண்டினர். திருமூலரைத் திருத்தொண்டத்தொகையில் வணங்கிய சுந்தரரோ அவருக்கு முற்பட்டவர். பிற்காலத்துப் பாடல்கள் சில திருமந்திரத்தில் கலந்திருக்கலாம் என்று கொண்டாலும், மாணாக்கன் ஆசிரியனுக்கு முன் பிறந்தான் என்று வாதிட முடியாது. இருவர்க்கும் பொதுவான பழந்தந்திரங்கள் இருந்தன என்று கொள்வதே பொருந்தும். பாயிரத்தில் ஒன்பது ஆகமங்களை எண்ணுமிடத்துக் காமிகம், காரணம், வாதுளம், மகுடம் ஆகியவற்றோடு யாமளமும் எண்ணப்படுகின்றது. யாமளம் சித்தாந்தத்தின் 28 ஆகம வரிசையில் இல்லை. அது வயிரவ, சத்தி மரபைச் சார்ந்த நூல்வகை. திருமூலர் எந்த ஏடுகளைக் கையில் வைத்திருந்தார் என்பதற்கு இவ்வொரு சொல் நூறு ஊகத்தினும் மேலான சான்று. ஆகலின் திருமந்திரத்தைச் சித்தாந்தத்தின் முதல் நூல் என்று முழுவதும் அடைத்துவிடுவதும் தவறு. காசுமீரத்தின் கிளை என்பதும் தவறு. இரு கிளையும் பிரியாத காலத்து அடிமரம் அது.

தாந்திரிக நெறியை வெறுப்போர் அஞ்சுவது அதன் புறச்சடங்குகளை. அச்சம் காரணமற்றதன்று. கள்ளும் ஊனும் சேர்ந்த வழிபாடுகளைப் பழைய வயிரவ நூல்கள் விதித்தன. தந்திராலோகத்தின் 29ஆம் பகுதி குல நெறிச் சடங்கை மறையாது விரிக்கின்றது. இவற்றை இல்லையென்று மறைத்து எழுதுவது நேர்மையன்று. திருமூலர் இவற்றை அறிந்தே பேசினார். கள்ளுண்ணாமை என்னும் பகுதியில் அவர் கண்டிப்பது வெறுங்குடிகாரனை மட்டுமன்று. சத்தியை அடைவதற்கென்று கள்ளுண்ணும் சமயத்தாரையும் வாம நெறியினரையும் பெயர் சுட்டியே கண்டிக்கின்றார். உண்ண வேண்டிய தேறல் சிவானந்தமே என்று சடங்கை அகத்தே திருப்புகின்றார். மூன்றாம் தந்திரத்துப் பரியங்கயோகம் பள்ளி மாணவர்க்கு உரியதன்று. ஆனால் ஆசிரியர் அதனைப் படித்திருத்தல் வேண்டும். படியாதவர்தாம் அதனைக் கேலிக்கும் வாணிகத்துக்கும் விட்டுக்கொடுக்கின்றனர். தாந்திரிகம் என்னும் பெயரால் செப்புத் தகடு எழுதிக் கொடுத்து, வேலை கிடைக்கும், பகை ஒழியும் என்று ஏழைத் தொழிலாளியின் சம்பளத்தைக் கறப்போர் இந்நாட்டிலும் உண்டு. நான்காம் தந்திரம் இன்னது என்று நாம் சொல்லாமையால், அவர்கள் சொல்வதே அதற்குப் பொருளாகி நிற்கின்றது.

மகார்த்தமஞ்சரி ஏன் தமிழரிடையே நிலைக்கவில்லை? மறைநெறி என்பது ஒரு காரணம். மொழி அதனினும் பெரிய காரணம். மெய்கண்டார் 12 நூற்பாவைத் தமிழில் தந்தார். அருணந்தியும் உமாபதியும் தமிழில் விரித்தனர். திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய மடங்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பாடம் சொல்லிக் காத்தன. மகேசுவரானந்தரோ தமிழ் நிலத்தில் இருந்துகொண்டு பாகதத்தில் பாடி வடமொழியில் உரை வகுத்தார். யோகினியின் ஆணை அவருக்கு அப்படி. ஆனால் தில்லை வீதியில் தேவாரம் கேட்டு வளர்ந்தவனுக்கு அந்நூலில் நுழைய வாயில் இல்லாமற் போயிற்று.

அவர் நெறியின் உயிர்நாடி முற்றும் அற்றுவிடவில்லை. சிரீவித்தை என்னும் சத்தி வழிபாட்டில் அது கலந்து ஓடியது. 18ஆம் நூற்றாண்டில் காவிரிக் கரையில் தங்கிய பாசுகரராயர் இலலிதா சகசிரநாமத்துக்குச் சௌபாக்கிய பாசுகரம் என்னும் உரை வகுத்தார். முத்துசாமி தீட்சிதர் (1775–1835) சிரீசக்கரத்தின் ஒன்பது ஆவரணங்களையும் திருவாரூர்க் கமலாம்பிகைமேல் கீர்த்தனைகளாக்கினார். இவை இரண்டும் வடமொழியே. அதே 18ஆம் நூற்றாண்டில் திருக்கடையூரில் அபிராமி பட்டர் நூறு பாட்டில் அந்தாதி பாடினார், அது தமிழ். கோணங்கள் ஒன்பதும் சக்கரமும் திரிபுரையும், அம்மையும் தானும் வேறின்றி நின்ற நிலையும் அந்தாதியில் வெளிப்படையாகவே உள்ளன. நவராத்திரியிலும் ஆடி வெள்ளியிலும் பினாங்குத் தமிழ் வீடுகளில் அதனை மனப்பாடமாகச் சொல்லும் பெண்களுள் பலர் தந்திரம் என்னும் சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்பர். தாம் நாள்தோறும் சொல்வது அதுவே என்று அவர்க்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் வந்ததில்லை. மரயானைப் பாட்டையும் பொன்னணிப் பாட்டையும், உமாபதியார் விலக்கிய உவமையையும் ஏற்ற உவமையையும், அந்தாதியின் சக்கரப் பாடல்களையும் ஒரே பாடவேளையில் அருகருகே வைத்துப் பயிற்றுதல் மேல்வகுப்பு மாணவர்க்கு இயலாததன்று. நான்காம் தந்திரத்தின் சக்கரங்களுக்கு அதன்பின் வரலாம். கள்ளுண்ணாமைப் பகுதியைப் படித்துவிட்டு வருதல் இன்னும் நன்று.